வத்தல் மூடைகள் குடியிருந்த தெரு

வீட்டு நிலவரம் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு முதலில் என் அனுதாபம். ஊரில் யாருக்கும் பிடிக்காத வேலை இது. வாடகை என்ன என்று கேட்டால், வீட்டுக்காரர் நம்மை வரி போட வந்த ஆள் என்று நினைப்பார். குடியிருப்பவரோ வீட்டுக்காரர் வேவு பார்க்க அனுப்பிய ஆள் என்று நினைப்பார். இரண்டு பேருமே காப்பி கொடுக்க மாட்டார்கள். தென்காசியில் என்னைக் 'காலி வீட்டு சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்ட பெண்ணின் மாமா, பதிலைக் கேட்டு வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். "பூட்டிக் கெடக்க வீட்டை எண்ணுததுக்கா? அதுக்குச் சம்பளம் வேற கொடுக்காவளா?" என்றார். கொடுத்தார்கள். பெண்ணையும் கொடுத்தார்கள்.

கணக்கு எடுப்பது எப்படி என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதற்குள் நான் போகவில்லை. வீடு பொய் சொல்லும்போது என்ன செய்வது என்பதை மட்டும் சொல்கிறேன். வீடு பொய் சொல்லுமா என்று சிரிக்காதீர்கள். நல்ல காலத்தில் கொஞ்சம் சொல்லும், கெட்ட காலத்தில் வாய் கூசாமல் சொல்லும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீடு நாலு மாதம் காலியாகக் கிடந்தால் அதற்கு ராசியில்லாத வீடு என்று பெயர் வந்துவிடும். அப்புறம் பாதி வாடகைக்குக்கூட ஆள் வராது. அதனால் வீட்டுக்காரர்கள் காலி வீட்டு வாசலில் ஆள் வைத்துக் கோலம் போடுவார்கள். சாயங்காலம் விளக்கேற்றுவார்கள். தென்காசியில் ஒரு வீட்டின் கொடியில் சித்திரையிலிருந்து ஆனி வரைக்கும் ஒரே வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் அந்த வேட்டியை ஒரு குடும்பமாகக் கணக்கில் சேர்த்திருந்தார். நான்தான் அதை நீக்கினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். மழை ஏமாற்றிவிட்டது. அரிசிக்கு ஜனங்கள் கடை கடையாக அலைந்தார்கள். நூல் விலை ஏறியது, நெய்த கைலியோ விற்கவில்லை. கடையநல்லூரில் தெருத் தெருவாகத் தறிச் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு பிழைப்புத் தேடி வெளியூர் போனவர்கள் ஏராளம். தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் புதிதாகக் கட்டிய வீடுகளுக்குப் பால் காய்ச்சக்கூட ஆள் வரவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பொறுப்பு வந்தது. ஓர் ஊரில் வீட்டு நிலவரம் படுத்துவிட்டது என்று நாங்கள் அறிக்கை கொடுத்தால், அந்த ஊரை மந்தப் பகுதி என்று அறிவிப்பார்கள். அறிவித்தால், அடுத்த வருஷம் ஆனி வரை குடியிருப்பவர் யாரையும் வெளியேற்ற முடியாது. வாடகை ஏறுகிறது என்று அறிக்கை போனால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. வீட்டுக்காரர் சொன்னதுதான் சட்டம்.

இந்த அறிக்கையை நம்பித்தான் கடையநல்லூரில் செய்யது என்ற நெசவாளி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு என் வயதுதான். அவன் மனைவி மைமூன். செய்யதின் வாப்பா காலத்திலிருந்து அதே வாடகை வீடு. அவன் வீட்டுக்காரர் கடைத்தெருவில் மண்டி வைத்திருந்த முதலாளி. ஆடி முடிவதற்குள் வீட்டைக் காலி செய் என்று சொல்லிவிட்டார். பஞ்ச காலத்தில் இருக்கிற குடித்தனத்தையும் எதற்கு விரட்டுகிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. மண்டிக்குப் போய் அவரிடமே கேட்டேன். மனிதர் ஒளிவுமறைவு இல்லாதவர். டீயும் வாங்கிக் கொடுத்தார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்த ஒரே வீட்டுக்காரர் அவர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"சார், மனுசனுக்கு இப்ப வீடு வேண்டாம். சரக்குக்குத்தான் வீடு வேணும்" என்றார்.

வெளியூர் வியாபாரிகள் மிளகாய் வத்தலை வாங்கி, விலை ஏறும்வரை அடுக்கிவைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். செய்யது வீட்டை ஒட்டி அவருக்கே சொந்தமான மூன்று வீடுகள். மூன்றையும் ஏற்கெனவே சரக்குக் கிட்டங்கி ஆக்கிவிட்டார். குடும்பம் கொடுத்த வாடகையைப் போல இரண்டு மடங்கை மூடை கொடுத்தது. செய்யது வீட்டில் ஒரே ஒரு இடைஞ்சல், நடுக்கூடத்தில் தறிக்குழி. ஆடி முடிந்ததும் அதை மூடி சிமெண்டுத் தளம் போட்டுவிட்டால் நாலாவது கிட்டங்கியும் தயார்.

இதில் எங்கள் கணக்கு செய்த கூத்தைப் பாருங்கள். எங்கள் படிவத்தில் வாடகை என்ன என்று கேள்வி உண்டு. குடியிருப்பது மனிதரா மூடையா என்ற கேள்வி கிடையாது. ஊரெல்லாம் காலி செய்துகொண்டு போகிற நேரத்தில், எங்கள் கணக்கில் அந்தத் தெரு வாடகை விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது.

அறிக்கையை முடிவு செய்ய மேலதிகாரி சென்னையிலிருந்து வந்தார். எந்த மாதம் வந்தார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனியிலும் ஆடியிலும் தென்காசியில் ஆய்வு செய்யாத இலாகாவே கிடையாது. மார்கழியில் எங்களை ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை. இவர் ரயிலை விட்டு இறங்கும்போதே கையில் காகிதக் கட்டுக்குப் பதிலாக எண்ணெய்ச் சீசாவும் துண்டும் இருந்தன. பெயரைச் சொல்ல மாட்டேன். பருமனான ஆள், நல்ல மனிதர், லஞ்சம் வாங்காதவர். ஒரே ஒரு குணம், தான் கண்ணால் பார்க்காத எதையும் நம்ப மாட்டார். தான் கண்ணால் பார்த்த எதையும் விட்டுக்கொடுக்கவும் மாட்டார்.

நேரே குற்றாலம் போனோம். மழையே இல்லாத வருஷத்தில் சாரல் எங்கிருந்து வரும்? ஆனால் லாட்ஜ் வாசல் ஒவ்வொன்றிலும் 'அறை காலி இல்லை' என்று போர்டு தொங்கியது. மேலதிகாரி முகம் வாடிவிட்டது. மூன்றாவது லாட்ஜில் மேனேஜர் எங்களைப் பார்த்ததும் கைகளைப் பிசைந்தார்.

"ஐயா மெட்ராஸ்லேருந்தா வாரீக? அடடா, ஒரு எடம்கூட இல்லையே" என்றவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மாடில ஒரு டாக்டர் இருந்தாவ. இப்பதான் அவசரமா கெளம்பிப் போனாவ. ஒங்க அதிர்ஷ்டம் சார். வெளிய சொல்லிராதீக."

அந்த வருஷம் குற்றாலத்தில் ஒவ்வொரு லாட்ஜிலிருந்தும் ஒரு டாக்டர் அவசரமாகக் கிளம்பிப் போய்க்கொண்டே இருந்தார். அத்தனை டாக்டர்களும் நிஜமாக இருந்திருந்தால் ஜில்லாவில் ஒருத்தருக்கும் காய்ச்சலே வந்திருக்காது. கூட்டம் இல்லை என்று தெரிந்தால் வருகிறவன் பேரம் பேசுவான். இடமே இல்லை என்று சொன்னால் கேட்டதைக் கொடுப்பான். மேலதிகாரி முழு சீசன் வாடகையைக் கொடுத்துவிட்டு, ஜெயித்த மனிதராக மாடிப்படி ஏறினார்.

"எங்கேய்யா மந்தம்? குற்றாலத்துல படுக்க இடமில்லை. கடையநல்லூர்ல உன் கணக்குப்படியே வாடகை ரெண்டு மடங்கு ஏறியிருக்கு. என்னை என்ன எழுதச் சொல்றே?" என்றார்.

"போர்டு பொய், சார்" என்றேன்.

"என் கண்ணால பார்த்தேன்யா" என்றார்.

செய்யதின் முகம் கண்முன் வந்தது. உண்மையைச் சொல்லவேண்டும் என்றுதான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மேலதிகாரியிடம் சொல்லாதீர்கள். அவர் நடந்து போகிற வழியில் கால் தடுக்கும்படி அதைப் போட்டு வையுங்கள். அவரே குனிந்து எடுத்து, தான் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்வார்.

மறுநாள் காலை, முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு, "சார், அருவிக்கரையில எண்ணெய் தேய்க்கிறவங்களைப் பிடிக்கிறது சிரமம். சீசன் பாருங்க. சீக்கிரம் போய் இடம் பிடிக்கணும்" என்றேன். அவசர அவசரமாகத் துண்டைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தேய்த்துக்கொள்கிறவர் ஒருவர்கூட இல்லை. துண்டு கட்டின பெரிய உடம்பு ஒன்று படி இறங்கி வருவதைப் பார்த்ததும் மொத்தப் பேரும் எழுந்தார்கள்.

"சார், இங்கன வாங்க!"

"ஏலே, நான்தாம்லே மொதல்ல பாத்தேன்!"

"பாத்தா ஒனக்கா? போன தடவை எங்கிட்டதான் தேச்சாவ, என்ன சார்?"

சண்டை முற்றி, கடைசியில் உடம்பைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தலைக்கு ஒருவர், கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர். மிஞ்சினவர்களில் மூத்தவர் முதுகை எடுத்துக்கொண்டார். பாறையில் குப்புறப் படுத்திருந்த மேலதிகாரியைத் தேர் இழுப்பது போல நாலு பக்கமும் இழுத்தார்கள். அந்த இழுப்பிலும் அவருடைய மூளை வேலை செய்தது. அதற்காகத்தான் அவரை நல்ல அதிகாரி என்று சொன்னேன்.

"ஏம்ப்பா, லாட்ஜ் எல்லாம் நிரம்பி வழியுது. குளிக்க ஒரு ஆளைக் காணோமே?" என்றார்.

முதுகுக்காரர் கையை நிறுத்தினார். "எந்த லாட்ஜு சார்? இந்த வாரத்துல ஒங்க முதுகுதான் சார் எங்களுக்கு மொதல் முதுகு."

மேலதிகாரி மெதுவாகத் தலையைத் திருப்பி அருவியைப் பார்த்தார். மேலேயிருந்து கயிறு தொங்கவிட்ட மாதிரி கொஞ்சம் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதன் அடியில் போய் நின்றார். எண்ணெய் போகவில்லை. முன்னும் பின்னும் திரும்பி நின்று பார்த்தார். அப்போதும் போகவில்லை. அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு லாட்ஜுக்கு நடந்தார். நான் சீசாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

மாடியில் இருந்த அத்தனை கதவையும் தட்டினார். ஒன்றும் திறக்கவில்லை. மேனேஜர் ஓடி வந்தார்.

"எல்லாரும் அருவிக்குப் போயிருக்காவ சார்."

"யோவ், நான் அருவியிலேருந்துதான்யா வரேன்!"

சாவிக் கொத்தை வாங்கி ஒவ்வொரு அறையாகத் திறந்தார். சுருட்டி வைத்த படுக்கைகள். ஒரு அறையில் பூனை குட்டி போட்டிருந்தது. கடைசிக் கதவைச் சாத்திவிட்டு, வேட்டைக்குக் கிளம்பினவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"கடையநல்லூர்ல வாடகை ஏறின வீடு எதுய்யா? அந்தக் கதவையும் தட்டிப் பார்ப்போம்."

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். ஆனால் "வெயிலா இருக்கே சார், நாளைக்குப் போகலாமே" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவருக்கு வேகம் கூடிவிட்டது. எண்ணெய் உடம்பிலேயே வேட்டியைச் சுற்றி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

கடையநல்லூரில் அந்த மூன்று வீடுகளின் வாசலுக்கே மண்டி முதலாளி வந்து வரவேற்றார். இந்த மூன்று வீடுகளில் குடியிருப்பவர்கள் எப்படி என்று மேலதிகாரி கேட்டார்.

"தங்கமானவங்க சார். சத்தம் கெடையாது, சண்டை கெடையாது. ஒண்ணாம் தேதி ஆனா வாடகை வந்துரும்."

"கூப்பிடுங்க, பேசணும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஓட்டுக் கூரையைப் பார்த்தேன். அதற்குள் மேலதிகாரி கதவைத் தள்ளித் திறந்து, தலையை உள்ளே நீட்டி, "வீட்டுல யாரு?" என்று உரக்கக் கேட்பதற்காக நன்றாக மூச்சை இழுத்தார்.

ஓட்டுச் சூட்டில் வெந்து கிடந்த அத்தனை வத்தல் மூடைகளின் நெடியும் அந்த ஒரு மூச்சில் உள்ளே போனது. முதல் தும்மலில் மூக்குக்கண்ணாடி பறந்தது. அடுத்த தும்மலில் நிலைப்படியில் மோதிக்கொண்டார். எண்ணெய் ஊறிய உடம்பில் வத்தல் தூசி வேறு அப்பிக்கொண்டது. கண்ணைத் திறக்க முடியாமல், "தண்ணி! தண்ணி!" என்று தெருவில் தட்டுத்தடுமாறி ஓடினார். அடுத்த வாசல் செய்யது வீடு. அவர் தானாகத்தான் அங்கே ஓடினார். நான் தோளைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பிவிட்டேன், அவ்வளவுதான்.

மைமூன் என்ன ஏது என்று கேட்கவில்லை. குடத்தைத் தூக்கிக் கொண்டுவந்து அவர் கையிலும் தலையிலும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கிணறுகள் வற்றிக் கிடந்த நாள் அது. ஒரு குடம் தண்ணீருக்கு அவள் எவ்வளவு நேரம் காத்து நின்றிருப்பாள் என்று எனக்குத் தெரியும். குடத்தைக் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தாள்.

செய்யது கையைப் பிடித்து அவரைக் கூடத்தில் உட்கார வைத்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணைத் திறந்தவர் குனிந்து பார்த்துத் திடுக்கிட்டார். அவர் உட்கார்ந்திருந்தது தரை மட்டத்தில், கால்கள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு பள்ளத்தில்.

"என்னப்பா இது, வீட்டுக்குள்ள குழி?"

"தறிக்குழி சார். இதுக்குள்ள காலப் போட்டு மிதிச்சுத்தான் நெய்யணும். எங்க வாப்பா வெட்டுனது" என்றான் செய்யது. தறியில் பாவு நூல் இல்லை. வெறும் மரச்சட்டம் மட்டும் நின்றது.

மேலதிகாரி துண்டால் முகத்தைத் துடைத்தபடியே நியாயமாக ஒரு கேள்வி கேட்டார். "ஊர் முழுக்க வீடு காலியாக் கிடக்குதே. குத்துக்கல்வலசையில புது வீடே சும்மா இருக்கு. இந்த வீடு இல்லாட்டா இன்னொண்ணு. இதையே பிடிச்சுக்கிட்டு ஏன் உட்காரணும்?"

செய்யது மைமூனைப் பார்த்தான். கதவோரம் காலிக் குடத்தோடு நின்ற மைமூன்தான் சொன்னாள்.

"போலாம் சார். தறியக் கழத்தி வண்டில ஏத்திரலாம். தறி நாடா, சட்டி, பானை எல்லாத்தையும் ஏத்திரலாம். குழிய எப்படி சார் ஏத்துதது? வாடகை வீட்டுத் தரையத் தோண்ட எவுக சார் விடுவாக?"

மேலதிகாரி குழிக்குள் தொங்கிய தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. உடம்பு அப்படி. நானும் செய்யதும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தும், எண்ணெய் கை வழுக்கி மறுபடி உள்ளே போனார். வாசலில் நின்ற மண்டி முதலாளியும் வந்து ஒரு கை கொடுத்த பிறகுதான் மேலே வந்தார். அந்தக் குழியை மூடப் போகிறவரே அதற்குள்ளிருந்து ஒரு அதிகாரியைத் தூக்கிவிட வேண்டியதாயிற்று.

வெளியே தெருவே கூடி நின்றது. சிவந்த கண்களோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவர் படி இறங்கியதைப் பார்த்தார்கள். அவ்வளவு போதும். நாங்கள் பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் சேதி எங்களை முந்திவிட்டது. "செய்யது வீட்டுல நடக்கதக் கேட்டு மெட்ராஸ் ஐயா குமுறிக் குமுறி அழுதுட்டாவளாம்!" வழியில் ஒரு முதியவர் அவர் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உடனே அந்த முதியவர் கண்ணும் எரிந்து தண்ணீராகக் கொட்டியது. அதைப் பார்த்த பெண்கள் முந்தானையை எடுத்தார்கள்.

பஸ்ஸில் மேலதிகாரி மெல்லச் சொன்னார். "நான் அழலைய்யா. வத்தல்."

"தெரியும் சார்."

"எண்ணெய்க்குக் கூட்டிப் போனது நீ. வத்தலுக்குக் கூட்டிப் போனதும் நீ."

"நீங்கதானே சார் கதவைத் தட்டலாம்னு சொன்னீங்க" என்றேன். கொஞ்ச நேரம் என்னை முறைத்துவிட்டு, சிரித்துவிட்டார்.

அறிக்கையை அவரே எழுதினார். லாட்ஜ் போர்டை நம்பக் கூடாது, மூடைகள் கொடுக்கும் வாடகையை வீட்டு வாடகையோடு சேர்க்கக் கூடாது என்று, எல்லாம் தானே கண்டுபிடித்ததாக எழுதினார். நான் ஆமோதித்தேன். கடையநல்லூர் மந்தப் பகுதி ஆனது. ஆடி முடிந்தது, குழி மூடப்படவில்லை. மண்டி முதலாளி என்னை வழியில் பார்த்து, "தங்கமான குடித்தனங்களக் காட்டிக் கொடுத்துட்டீரே" என்றார். அப்போதும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் மழை கொட்டியது. வத்தல் விலை இறங்க, வியாபாரிகள் மூடைகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். கிட்டங்கிகள் திரும்ப வீடாயின. ஆனியில் மேலதிகாரி எண்ணெய்ச் சீசாவோடு வந்து இறங்கினார். அருவி இரைச்சல் தூரத்திலேயே கேட்டது. அதே லாட்ஜ், அதே மேனேஜர், அதே போர்டு.

"அறை இல்லையே சார்" என்றார் மேனேஜர்.

மேலதிகாரி கண்ணைச் சிமிட்டினார். "டாக்டர் யாரும் அவசரமாக் கிளம்பலையா?"

"இல்ல சார். நெசம்மாவே இல்ல."

"எங்கிட்டயேவா?" என்று டிரங்குப் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். சாவிக் கொத்து வரும் வரும் என்று மத்தியானம் வரை காத்திருந்தார். வராந்தாவில்கூட ஆட்கள் படுத்துக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் நம்பினார். என் வீட்டிலோ சீசனுக்கு வந்த மனைவி வீட்டார் அடுக்களை வரை பாய் விரித்திருந்தார்கள். தென்காசி முழுக்க அதே கதை. பஸ் நிறுத்தத்தில் எங்களைப் பார்த்த செய்யது, "எங்க வீட்டுக்கு வாங்க சார்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடையநல்லூர் பஸ்ஸுக்கு நடந்தான்.

மறுநாள் காலை அவரை அழைத்து வரப் போனேன். தெருமுனையிலேயே தறிச் சத்தம் கேட்டது. செய்யது குழிக்குள் காலைப் போட்டு மும்முரமாக நெய்துகொண்டிருந்தான். மேலதிகாரி தூக்கம் கெட்ட முகத்தோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரன் கோழி கூவுறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டானே. மனுஷனைத் தூங்கவே விடலையே" என்று மைமூனிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

மைமூன் சிரித்தாள். "மன்னிச்சுக்கிடுங்க சார். எங்களுக்குப் போன வருசம்தான் தூக்கமே இல்ல. இந்தச் சத்தம் இல்லாமக் கெடந்துச்சு வீடு."

மேலதிகாரி தறியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அந்தத் தெருவில் ஒரு வத்தல் மூடைகூட இல்லை.